லேக் வியூ ரோட்டில் ஒரு கேட்டக்ளிஸ்மிக் லெட்டர்!

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றைக்கு உங்கள் கிளாஸ் குரூப்பைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். "மச்சி, மேத்ஸ் கேட்டஸ்ட்ராஃபிடா!" என்று ஒருத்தர். "டோட்டல் டிசாஸ்டர்!" என்று இன்னொருத்தர். "ஐ ஆம் டெவஸ்டேட்டட்" என்று மூணாவது ஆள், கூடவே ஏழு அழுகை பொம்மைகள். அதே ஆள் மறுநாள் கேன்டீனில் பரோட்டா தீர்ந்து போனாலும் அதே 'டெவஸ்டேட்டட்'தான்!

தப்பில்லை ஃப்ரெண்ட்ஸ். காலேஜ் வயசில் எல்லாமே கொஞ்சம் பெரிசாகத்தான் தெரியும். ஆனால் நிஜமாகவே பெரிய அழிவு ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது, கையில் இருக்கிற வார்த்தையை எல்லாம் ஏற்கெனவே பரோட்டாவுக்குச் செலவழித்துவிட்டிருந்தால் என்ன செய்வது?

எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. 2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை.

முழங்காலில் ஆரம்பித்து...

அப்போது நாங்கள் மூணு பேர் மேற்கு மாம்பலத்தில், லேக் வியூ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குட்டித் தெருவில், தரைத்தள போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் ஹவுஸ் ஓனர். ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர். எங்களுக்கு 'மாமா'. வாடகையைக்கூட ஒரு நாள் லேட்டாகக் கொடுக்கலாம். ஆனால் அவர் காதுபட கிராமர் தப்பாகப் பேசினால் அன்றைக்கு டிபன் இறங்காது.

அந்த நவம்பர் முழுக்க மழை. சென்னையில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியிருந்தது. துரைசாமி சப்வே, அரங்கநாதன் சப்வே எல்லாம் நீச்சல் குளமாவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். அதனால் டிசம்பர் 1 காலையில் மழை வலுத்தபோதும், "இன்னிக்கு லீவுடா" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம்.

சாயங்காலம் வாசல்படி வரை தண்ணீர். ராத்திரி முழங்கால். கரன்ட் போச்சு. கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போச்சு. மாமா டார்ச்சோடு மாடிப்படியில் நின்று, "டேய் பசங்களா, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு மேல வாங்கோ!" என்று கத்தினார். லேப்டாப்பை எடுத்தோம். சார்ஜரை எடுத்தோம். எங்கள் திருவாரூர் நண்பன் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்க் பெட்டியை மட்டும் யாருமே நினைக்கவில்லை. அதில்தான் அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், ஆறு செமஸ்டர் மார்க் ஷீட் எல்லாம் இருந்தது.

அன்று ராத்திரி வெளியே என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை தாண்டி ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று புகுந்தது. விமான நிலையம் ஓடுபாதையோடு முழுகி, பல நாள் மூடிக் கிடந்தது. மாமாவுக்கு மறுநாள் காலை 'தி இந்து' வரவில்லை. பேப்பர் போடுகிற பையன் வர முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். விஷயம் அதில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால் பேப்பரே அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு இப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

அந்த மழைக் காலத்தில் தமிழ்நாட்டில் 400-க்கும் அதிகமானவர்கள் உயிரிழந்தார்கள்.

"வெரி கேட்டக்ளிஸ்மிக் ரெயின்"

தண்ணீர் வடிந்தது. டிரங்க் பெட்டியைத் திறந்தோம். மார்க் ஷீட்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாக, அப்பளம் மாவு மாதிரி இருந்தன. கரன்ட் வந்ததும், மாமி கொடுத்த இஸ்திரிப் பெட்டியை வைத்து, நடுவில் நியூஸ்பேப்பர் வைத்து ஒவ்வொன்றாகக் காயவைத்தோம். பேப்பர் காய்ந்தது. ஆனால் அதில் இருந்த எழுத்து காணாமல் போயிருந்தது.

நண்பனுக்கு கேம்பஸில் வேலை கிடைத்திருந்தது. ஜனவரியில் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் காட்ட வேண்டும். இழந்தவர்களுக்கு டூப்ளிகேட் சான்றிதழ் கொடுக்க அரசாங்கம் அப்போது சிறப்பு முகாம்கள் நடத்தியது. ஆனாலும், கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதி டைம் கேட்டாக வேண்டும். அப்பா விவசாயி, அக்கா கல்யாணக் கடன், எல்லாம் அந்த ஒரு லெட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் டிக்‌ஷனரியைப் புரட்டி, இருக்கிறதிலேயே பெரிய வார்த்தைகளைப் பொறுக்கிப் போட்டு எழுதினான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வெரி கேட்டக்ளிஸ்மிக் மழையின் காரணமாக எனது மார்க் ஷீட்டுகள் டெவஸ்டேட் ஆகிவிட்டன. இந்த டிசாஸ்ட்ரஸ் மற்றும் கலாமிட்டஸ் சூழ்நிலையில் தாங்கள் கருணை கூர்ந்து...'

மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சிரிக்கவில்லை. அவருடைய கீழ் அலமாரி புத்தகங்களும் தண்ணீரில் போயிருந்தன. மொட்டை மாடியில் தடித்தடியான டிக்‌ஷனரிகள் வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தன.

"மாடிக்கு வாடா. அந்த டிக்‌ஷனரி இன்னும் ஈரம். ஆனா எனக்கு அது மனப்பாடம்" என்றார்.

அன்றைக்கு மொட்டை மாடியில் நடந்ததுதான் நான் வாழ்க்கையில் அட்டெண்ட் பண்ணிய பெஸ்ட் இங்கிலீஷ் கிளாஸ். அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

தண்ணிக்குள்ளேயே ஒரு வார்த்தை

"கேட்டக்ளிஸ்மிக்னா என்னடா அர்த்தம்?"

"பெரிய அழிவு மாமா."

"அது டிக்‌ஷனரி அர்த்தம். வார்த்தையோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாரு."

அது கிரேக்கச் சொல். 'கட்டா' என்றால் கீழ்நோக்கி. 'க்ளுஸெய்ன்' என்றால் கழுவுவது. சேர்ந்தால் 'கட்டக்ளுஸ்மோஸ்'. மேலிருந்து கீழே கழுவித் தள்ளுவது, அதாவது பெருவெள்ளம்! கிரேக்க பைபிளில் நோவா காலத்து வெள்ளத்துக்கு இந்தச் சொல்தான் வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு 'கேட்டக்ளிசம்' என்ற பெயர்ச்சொல்லாக வந்தது. 'கேட்டக்ளிஸ்மிக்' என்ற பெயரடை 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பூமியின் பழைய கதையைப் பற்றி புவியியல் அறிஞர்கள் மும்முரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மலையும் பள்ளமும் திடீர்ப் பேரழிவுகளால் உண்டானதா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாக உண்டானதா என்பதுதான் சண்டை.

வெள்ளத்தில் பிறந்த சொல் மெல்ல மெல்ல எரிமலைக்கும் போருக்கும் பரவியது. 1883-ல் இந்தோனேசியாவின் க்ரகடோவா எரிமலை வெடித்தது. 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கிட்டத்தட்ட 4,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் உள்ள ராட்ரிக்ஸ் தீவில் சத்தம் கேட்டது. அதுக்குப் பெயர் கேட்டக்ளிஸ்மிக். வானத்திலும் இந்த வார்த்தைக்கு வேலை உண்டு. வெள்ளைக் குள்ள நட்சத்திரம் ஒன்று பக்கத்து நட்சத்திரத்திலிருந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சி, திடீரென்று பல மடங்கு பளிச்சிடும். இந்த ஜோடிகளை வானியலில் 'கேட்டக்ளிஸ்மிக் வேரியபிள்' என்பார்கள்.

உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில், 'க்ளிஸ்' மேல் விழும்.

"அப்போ நான் எழுதினது கரெக்ட்தானே மாமா?" நண்பன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"வார்த்தை கரெக்ட். முன்னாடி போட்டிருக்கியே 'வெரி', அதுதான் வில்லன். 'அவர் ரொம்ப காலமாயிட்டார்'னு சொல்லுவியோ?"

அப்போதுதான் உறைத்தது. சில பெயரடைகள் ஏற்கெனவே உச்சியில் உட்கார்ந்திருக்கும். 'ஹாட்'டுக்கு முன்னால் 'வெரி' போடலாம். 'பாய்லிங்' முன்னால் போட்டால் காது கூசும். கேட்டக்ளிஸ்மிக், கேட்டஸ்ட்ராஃபிக், டெவஸ்டேட்டிங் மூன்றும் உச்சி ரகம். அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்ஸல்யூட்லி', 'ட்ரூலி' போடலாம். போடாமல் விட்டால் இன்னும் அழகு.

ஒரே குடும்பம், வேற வேற குணம்

மாமா விரலை மடக்க ஆரம்பித்தார்.

டிசாஸ்ட்ரஸ்: இதன் வயிற்றுக்குள் இருப்பது 'ஆஸ்டர்', அதாவது நட்சத்திரம். இத்தாலியச் சொல் வழியாக வந்தது. நட்சத்திரம் கெட்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் "நேரம் சரியில்லை, கிரகம் ஆட்டுது" என்கிறோமே, அதேதான்! இது குடும்பத்தில் கொஞ்சம் லைட் வெயிட். இன்டர்வியூ, சினிமா, சமையல் எல்லாவற்றுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேட்டஸ்ட்ராஃபிக்: 'கட்டா'வோடு 'ஸ்ட்ரெஃபெய்ன்', அதாவது திருப்புவது. தலைகீழாகக் கவிழ்வது. முதலில் நாடகத்தின் கடைசிக் கட்டத் திருப்பத்துக்குத்தான் இந்தப் பெயர். இன்ஜினியரிங் மாணவர்கள் கவனிக்க: 'கேட்டஸ்ட்ராஃபிக் ஃபெயிலியர்' என்றால், மெதுவாகத் தேய்ந்து பழுதாவதில்லை. ஒரு பாகம் திடீரென்று, முழுசாக, திரும்ப முடியாதபடி செயலிழப்பது.

டெவஸ்டேட்டிங்: லத்தீனில் 'வாஸ்டஸ்' என்றால் வெறுமை. இருந்த இடத்தை வெறிச்சோட வைப்பது. ஊரை, பயிரை, பொருளாதாரத்தை, மனசை டெவஸ்டேட் பண்ணலாம். "மார்க் ஷீட்டை டெவஸ்டேட் பண்ண முடியாதுடா. அது வெறும் 'டெஸ்ட்ராய்டு'. டெவஸ்டேட் ஆனது நீ!" என்றார் மாமா. இன்னொரு ஆச்சரியம், இது நல்ல அர்த்தத்திலும் வரும். டெவஸ்டேட்டிங் ஸ்மைல் என்றால், ஆளை அடித்துச் சாய்க்கிற சிரிப்பு!

அபோகலிப்டிக்: உலகம் முடிகிற லெவல். ஆனால் கிரேக்க மூலத்துக்கு அர்த்தம் அழிவே இல்லை. 'திரையை விலக்கிக் காட்டுவது'. பைபிளின் கடைசிப் புத்தகத்தின் பெயராக இருந்ததால் உலக முடிவோடு ஒட்டிக்கொண்டது.

இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் வேடிக்கை ஒன்று உண்டு. 'டிசாஸ்டர்' என்றால் என்ன என்று விளக்க, 'கேட்டஸ்ட்ராஃபி', 'கலாமிட்டி' இரண்டையும் வரிசையாக உதவிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். சட்டம் எழுதுகிறவர்களுக்கே ஒரு வார்த்தை போதவில்லை!

நம்மகிட்ட இல்லாததா?

"தமிழ்ல என்ன சொல்லுவோம், சொல்லு பாப்போம்" என்றார் மாமா.

பேரழிவு, பேரிடர் என்றோம். "அதெல்லாம் ஆபீஸ் பாஷை. பழசு சொல்லு."

ஊழி என்றால் யுகத்தின் முடிவு. பிரளயம் என்ற வடசொல்லுக்குள் இருப்பது 'லயம்', கரைந்துபோவது. அதற்கும் பழசு, கடல்கோள். கடல் கொண்டுவிட்டது. எவ்வளவு சுருக்கமான சோகம் பாருங்கள்! புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. தென்மதுரையையும் கபாடபுரத்தையும் கடல் கொண்டது என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது. கிரேக்கன் 'கழுவித் தள்ளியது' என்றான். தமிழன் 'கொண்டது' என்றான். இரண்டு பேருமே தண்ணீரைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலை வரை நம்மில் பலருக்கு 'சுனாமி' என்று ஒரு சொல் இருப்பதே தெரியாது. ஜப்பானிய மொழியில் 'துறைமுக அலை', அவ்வளவுதான். அன்று ஒரே காலையில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். திருவாரூர் நண்பன் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுடைய சித்தப்பா வீடு நாகையில் இருந்தது. "அப்போ எங்க பாட்டி சுனாமின்னு சொல்லலைடா. 'கடல் உள்ள வந்துடுச்சு'ன்னு மட்டும்தான் சொல்லிட்டே இருந்தாங்க" என்றான்.

மாமா லெட்டரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "உங்க பாட்டிதான்டா நல்ல இங்கிலீஷ் டீச்சர்."

லெட்டர், இரண்டாவது டிராஃப்ட்

அதன் பிறகு மாமா எழுத வைத்த லெட்டரில் மொத்தமே நாலு வாக்கியம். 2015 டிசம்பர் 1 இரவு என் அறைக்குள் வெள்ளம் புகுந்தது. என் மார்க் ஷீட்டுகள் அனைத்தும் அழிந்துவிட்டன. சிறப்பு முகாமில் விண்ணப்பித்த ரசீதை இணைத்துள்ளேன். டூப்ளிகேட் கிடைக்கும் வரை அவகாசம் தர வேண்டுகிறேன்.

ஒரு பெரிய பெயரடைகூடக் கிடையாது!

"மாமா, ஃபீலிங்கே இல்லையே?"

"தேதி இருக்கு. வெள்ளம்னு இருக்கு. அழிஞ்சு போச்சுன்னு இருக்கு. படிக்கிறவனுக்கு இதயம் இருந்தா அவனே போட்டுப்பான் 'கேட்டக்ளிஸ்மிக்'. நிஜமா பெருசா இருக்கற விஷயத்துக்கு நீ மைக் பிடிக்க வேண்டாம்."

லெட்டர் போனது. அவகாசம் கிடைத்தது. பிப்ரவரியில் டூப்ளிகேட் மார்க் ஷீட்டும் வந்தது. அவன் வேலையில் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் மாமாவுக்கு ஒரு புது டிக்‌ஷனரி வாங்கிக் கொடுத்தான். மாமா அதை வாங்கி மேல் அலமாரியில் வைத்தார்!

யார் மேல பழி?

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அன்று கிளம்பும்போது நான் கேட்டேன்: "அப்போ இந்த வெள்ளத்துக்கு எந்த வார்த்தை மாமா பொருத்தம்?"

அவர் தெரு முனையில் இருந்த போர்டைக் காட்டினார். லேக் வியூ ரோடு.

"ஏரி எங்கடா?"

நான் நாலு வருஷமாக அந்த போர்டைத் தாண்டி டீ குடிக்கப் போயிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை. மாம்பலம் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், இன்றைக்கு நாம் துணி வாங்க இடிபடுகிற தி. நகர் இருக்கிற இடத்தில், 1920-கள் வரை நீளமாக ஒரு ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரன் அதை 'லாங் டேங்க்' என்றான். நகரம் வளர இடம் வேண்டும் என்று அதை வடித்து, மனை போட்டு, தியாகராய நகர் உண்டாக்கினார்கள். வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரி நிலத்தில்தான் நிற்கிறது. ஏரி போய்விட்டது, பெயர்ப்பலகை மட்டும் மிச்சம்.

"டிசாஸ்டர்னு சொன்னா நட்சத்திரத்து மேல பழி. கேட்டக்ளிஸ்மிக்னு சொன்னா தண்ணி மேல பழி. தண்ணி என்னடா பண்ணும்? அது பழைய வீட்டு அட்ரஸைத் தேடிண்டு வந்திருக்கு."

2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி தணிக்கை அறிக்கையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. 2015 வெள்ளம் மனிதரால் உண்டான பேரிடர் என்றது. பிறகு 2021 நவம்பர் 7-ம் தேதி ஒரே ராத்திரியில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது தி. நகரும் மேற்கு மாம்பலமும் மறுபடி மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகள் மறுபடியும். தண்ணீருக்கு ஞாபகசக்தி அதிகம். நமக்குத்தான் அரியர்.

உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட்!

எந்த வார்த்தை எங்கே பொருந்தும்?

1. கீபோர்டு பாதியில் மக்கர் பண்ணி, மேடையில் வழிந்த கல்ச்சுரல்ஸ் பாட்டு.

2. பறந்துகொண்டிருக்கும்போது ஒரே நொடியில் சிதறிப்போன இயந்திரம்.

3. ஒரு தீவையே உருத்தெரியாமல் ஆக்கிய எரிமலை.

4. பாட்டி இறந்துபோன செய்தியைக் கேட்ட உங்கள் ரூம் மேட்.

விடை: 1. டிசாஸ்ட்ரஸ். 2. கேட்டஸ்ட்ராஃபிக். 3. கேட்டக்ளிஸ்மிக். 4. டெவஸ்டேட்டட். ஆனால் இந்த நாலாவதுக்கு எந்த வார்த்தையும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள், போதும்.

அடுத்த செமஸ்டர் ரிசல்ட் வரும்போது 'டோட்டல் டிசாஸ்டர்' என்று தாராளமாக டைப் பண்ணுங்கள். பழியை நட்சத்திரம் வாங்கிக்கொள்ளும். 'கேட்டக்ளிஸ்மிக்'கை மட்டும் மேல் அலமாரியில் வையுங்கள், தண்ணீர் எட்டாத இடத்தில். அப்படியே உங்கள் மார்க் ஷீட்டையும்!